இருபத்து மூன்றாம் பக்கத்துக்கு ஒரு திருத்தச் சீட்டு

மகளின் பள்ளி நோட்டில் மிஸ் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்த குறிப்பைப் புரூஃப்காரர் மூன்றாவது தடவையாகப் படித்தார். ஆறு வரி. ஒரு பிழைகூட இல்லை. இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரமாவது தப்பித்திருக்கலாம்.

'வணக்கம். வாம்பாட் என்ற விலங்கின் சாணம் பகடைக்காய் போலச் சதுரமாக இருக்கும் என்று உங்கள் மகள் இன்று வகுப்பில் சொன்னாள். நேற்று அப்பா புத்தகத்தில் படித்துக் காட்டினார் என்கிறாள். வியாழக்கிழமை வாசிப்பு நேரத்துக்கு அந்தப் புத்தகத்துடன் நேரில் வந்து, அந்தப் பகுதியைக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.'

"சதுரமாவா?" என்றாள் மனைவி, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து. "எந்த மிருகமாவது அப்படிப் போடுமா? வலிக்காது?"

"எனக்கு ஞாபகமே இல்லை" என்றார் புரூஃப்காரர்.

"எப்படி இருக்கும்? நேத்து ஏழு மணிக்கே உங்களுக்குக் கண்ணு சொருகிடுச்சு. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கண்ணு மூடியிருக்கு, வாய் மட்டும் பேசுது."

புரூஃப்காரர் நோட்டை மூடினார்.

அவர் ஓர் அச்சகத்தில் பிழை பார்க்கிறவர். கம்பெனி ஆண்டறிக்கை, ரயில் கால அட்டவணை, பாடப்புத்தகம், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் பொடி எழுத்துக் காகிதம் என்று இருபத்தோரு வருஷமாக எதையும் விட்டதில்லை. எழுத்து எழுத்தாகப் படிப்பார். அப்படிப் படித்தால்தான் பிழை கண்ணில் படும். ஆனால் அப்படிப் படிக்கிறவருக்கு விஷயம் மண்டையில் ஏறாது. ஒரு சமயம் இதயத்தைப் பற்றிய அறுநூறு பக்கப் புத்தகத்தைத் திருத்திக் கொடுத்தார். அதை எழுதிய டாக்டர் சந்தோஷத்தில், "இதயம் எந்தப் பக்கம் இருக்குன்னு இப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே" என்றார். "பதினொண்ணாம் பக்கம் சார்" என்றார் இவர்.

படங்களை அவர் பார்ப்பதே இல்லை. படத்தில் எழுத்துப் பிழை வராது என்பதால் அது அவர் வேலை இல்லை.

இந்த மனிதரைத்தான் மகளுக்குப் புத்தகம் படித்துக் காட்டச் சொல்லிப் பள்ளிக்கூடம் உட்கார வைத்திருந்தது. வருஷ ஆரம்பத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் மிஸ் திருப்பித் திருப்பிச் சொன்னார். கதை படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தினமும் கால் மணி நேரம், உண்மை விஷயம் சொல்லும் புத்தகம் ஒன்றையும் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். மிருகம், மெஷின், மழை, வயிறு, எதுவானாலும் சரி. பிள்ளை விரல் வைக்கிற இடத்தைப் படியுங்கள். கேள்வி கேட்டால் சந்தோஷப்படுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு இரண்டு பேருமாகத் தேடுங்கள்.

கடைசி வாக்கியம் தவிர மற்றதெல்லாம் புரூஃப்காரருக்குப் பிடித்திருந்தது. மகளிடம் 'தெரியாது' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அச்சகத்தில் முதலாளி முதல் வாட்ச்மேன் வரை அவரைக் கேள்வி கேட்பவர்கள்தான். உலகத்திலேயே எல்லாம் தெரிந்தவர் என்று அவரை நினைக்கிற ஒரே ஜீவன் ஆறு வயதில் வீட்டில் இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

அதன் பலனைப் போன மாதமே அனுபவித்தாயிற்று. அப்போது திமிங்கலப் புத்தகம். குட்டி போட்டதும் தாய் என்ன செய்யும் என்று மகள் கேட்டாள். பாதித் தூக்கத்தில் இருந்த புரூஃப்காரர், "குட்டியை மேல கூட்டிட்டுப் போய் முதலாளிகிட்ட கையெழுத்து வாங்கும்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவள் வகுப்பில் எழுந்து நின்று அதை அப்படியே ஒப்பித்தாள். ஒரு வாரத்துக்கு அவளுக்குப் பேரே 'கையெழுத்து' என்று ஆகிப்போனது. அழுதுகொண்டே அம்மாவிடம் மாறிவிட்டாள். மூன்று வாரம் அவர் அடுத்த அறையில் உட்கார்ந்து, மனைவி படிப்பதையும் மகள் கேள்வி கேட்பதையும் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நாளுக்கு முன்புதான் திரும்பி வந்திருந்தாள். அதுவும் நிபந்தனையோடு.

"இன்னொரு தடவை பொய் சொன்னா அம்மாகூடத்தான் படிப்பேன். எப்பவுமே."

இப்போது சாணம்.

"அப்பா, மிஸ் எழுதினதைப் படிச்சிட்டீங்களா?" மகள் வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படிச்சேன் பாப்பா."

"எல்லாரும் சிரிச்சாங்க. உருண்டைதான்னு இருபத்து நாலு பேர் கை தூக்கினாங்க. சதுரம்னு நான் மட்டும் தூக்கினேன். எங்கப்பா வந்து காட்டுவாரு, அப்பத் தெரியும்னு சொல்லிட்டேன்."

"புத்தகத்துல அப்படித்தான் இருந்துச்சாம்மா?"

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "நீங்கதானே படிச்சீங்க? படம்கூட இருந்துச்சே. நாலஞ்சு அடுக்கி வச்சிருந்தாங்க."

அவள் கை கழுவப் போனதும் அவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். நூலகத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் எடுத்து வந்தது. தடித்த அட்டைத் தாள், வளைக்குள் வாழும் விலங்குகளைப் பற்றியது. வாம்பாட்டுக்கு நான்கு பக்கம், இருபது முதல் இருபத்து மூன்று வரை. விளக்குக்கு அடியில் நின்று எழுத்து எழுத்தாகப் படித்தார்.

மண்ணைத் தோண்டி வளை செய்யும். வயிற்றுப் பை பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும், தோண்டும்போது குட்டியின் மேல் மண் விழாது. பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதிரி துரத்தினால் வளைக்குள் தலையை விட்டுக்கொண்டு, கெட்டியான பின்புறத்தால் வாசலை அடைத்துவிடும். இருபத்தோராம் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது. சாணம் என்ற வார்த்தையே எங்கும் இல்லை. இருபத்து மூன்றாம் பக்கத்தின் கீழ்ப்பாதியில் எழுத்தே கிடையாது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் புதர் வரைந்திருந்தது, அவ்வளவுதான்.

தூக்கத்தில் உளறியது போதாதென்று, இப்போது அந்தப் பிள்ளை அப்பாவைக் காப்பாற்றுவதற்காக இல்லாத படத்தை இருப்பதாகச் சொல்கிறது. தன்னால் அவள் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"பேசாம மிஸ்கிட்ட போய் உள்ளதைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா பாப்பா மறுபடி உங்கிட்ட வந்துடுவா."

"வரட்டுமே. நான் படிச்சா என்ன, கசக்குதா?"

"நீ நல்லாப் படிப்பே. அதான் பயமா இருக்கு."

மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பைத் தணித்தாள்.

மறுநாள் காலை புரூஃப்காரர் நோட்டில் பதில் எழுதினார். 'தவிர்க்க முடியாத அலுவலகப் பணி காரணமாக வியாழக்கிழமை வர இயலாத நிலையில் உள்ளேன். வருந்துகிறேன்.' எழுதி முடித்ததும் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. வேலை நடுவில் அன்று பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

சாயங்காலம் நோட்டு திரும்பி வந்தது. 'பரவாயில்லை. புத்தகத்தை மகளிடம் கொடுத்தனுப்புங்கள், நானே வாசித்துவிடுகிறேன். உருண்டைக் கட்சி, சதுரக் கட்சி என்று பிள்ளைகள் பிரிந்துவிட்டார்கள். எல்லோரும் களிமண்ணில் சாணம் செய்துகொண்டிருக்கிறார்கள். பக்க எண்ணை மட்டும் குறித்தனுப்பவும்.'

பக்க எண். புரூஃப்காரர் பேனாவைப் பிடுங்காத குறையாக எடுத்து, 'அலுவலகப் பணி தள்ளி வைக்கப்பட்டது. நானே நேரில் வருகிறேன்' என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் படிக்கும் நேரத்தில், கண் வலிக்கிறது என்று சொல்லிப் புத்தகத்தைத் திறக்காமலே மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வேறொரு வழி அவருக்குத் தோன்றியிருந்தது.

"பாப்பா, புத்தகத்துலகூடச் சில சமயம் தப்பு வரும், தெரியுமா?"

"உண்மைப் புத்தகத்துலயா?"

"அதுலயும் வரும். அச்சடிக்கும்போது தப்பாயிடும்."

"அதைக் கண்டுபிடிக்கத்தானே அப்பா ஆபீஸ் போறீங்க?"

"ஆமா."

"அப்ப நம்ம புத்தகத்துல தப்பு இருந்தா படிக்கும்போதே சொல்லியிருப்பீங்களே." அவள் நிம்மதியாக அவர் கையில் சாய்ந்துகொண்டாள். "நீங்க ஒண்ணும் சொல்லலை. அப்ப தப்பே இல்லை."

போட்ட முடிச்சு அவர் கழுத்திலேயே இறுகியது.

"சில தப்பு எனக்கும் லேட்டாத்தான் தெரியும்மா."

"தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க? எல்லாப் புத்தகத்தையும் கிழிச்சிடுவாங்களா?"

"சேச்சே. சின்னதா ஒரு சீட்டு அச்சடிப்பாங்க. இது தப்பு, இப்படித் திருத்திப் படிங்கன்னு அதுல இருக்கும். தப்பு இருக்கிற இடத்துல அதை ஒட்டிடுவாங்க."

"நம்ம புத்தகத்துல சீட்டு ஒண்ணும் ஒட்டலையே."

புரூஃப்காரர் கூரையைப் பார்த்தார். அவருடைய வாழ்க்கையின் ஆகப் பெரிய முட்டாள்தனம் அந்த நிமிஷத்தில் அவருக்கு ஒரு யோசனையாகத் தோன்றியது.

புதன்கிழமை மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், அவர் கணிப்பொறி முன் உட்கார்ந்து தட்டினார். 'பிழைதிருத்தம். பக்கம் 23. இவ்விடத்தில் வாம்பாட்டின் சாணம் பகடைக்காய் வடிவில் இருக்கும் என்று தவறாக அச்சாகியுள்ளது. அதனை உருண்டை எனத் திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.'

கணக்கு இதுதான். இருபத்து மூன்றாம் பக்கத்துப் புதரின் மேல் ஓர் இலைகூட வெளியே தெரியாமல் இந்தச் சீட்டை ஒட்டிவிட்டால், தவறான வரி அதற்கு அடியில் இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்பா இருந்ததைப் படித்தார். மகள் கேட்டதைச் சொன்னாள். இரண்டு பேர் மேலும் குற்றமில்லை. குற்றமெல்லாம் எங்கேயோ இருக்கிற ஓர் அச்சகத்தின் மேல்.

தாள் வெளியே வந்தபோது அதை எடுத்தது முதலாளியின் கை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு அவர் மெதுவாகப் படித்தார்.

"இது நாம அச்சடிச்ச புத்தகமா?" முதலாளியின் குரல் இறங்கியிருந்தது. "எத்தனை ஆயிரம் போயிருக்கு?"

"நம்மது இல்லை சார்."

"அடுத்தவன் தப்புக்கு நாம ஏன் சீட்டு போடறோம்?"

"ஒரு உதவி சார்."

"எத்தனை காப்பி வேணுமாம்?"

"ஒண்ணு."

முதலாளி சீட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். இருபத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு கேட்காத ஆள். "உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நாளைக்குக் காலைல ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணும் சார்."

"ரெண்டு மணி நேரமா எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி சீட்டை அவர் கையில் பத்திரமாகக் கொடுத்தார்.

அடுத்து பைண்டர். வயதில் மூத்தவர், கேள்வி கேட்காதவர் என்பதால்தான் புரூஃப்காரர் புத்தகத்தோடு அவரிடம் போனார். அன்றைக்குப் பார்த்து அவரும் கேட்டார்.

"எந்தக் கோந்து போடட்டும் சார்?"

"எடுக்கவே முடியாத கோந்தா போடுங்கண்ணே."

"நூலக முத்திரை குத்தியிருக்கே."

"தெரியும்ணே."

பைண்டர் புதரின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். "இந்த இடம் லேசா தூக்கினாப்ல இருக்கே சார்."

"குழந்தைங்க புத்தகம், தாள் மொத்தமாத்தான் இருக்கும். நல்லா அமுக்கி ஒட்டுங்க. நாலு ஓரமும்."

பைண்டர் நாலு ஓரமும் ஒட்டினார். ஒட்டிவிட்டு, திருகு போட்ட இரும்புப் பலகைக்கு அடியில் வைத்து ராத்திரி முழுக்க அமுக்கி வைத்தார். புத்தகம் வீட்டுக்குப் போனால் மகள் பார்த்துவிடுவாள் என்பதால் புரூஃப்காரருக்கும் அதுவே வசதியாக இருந்தது.

வீட்டில் அவள் அதைத்தான் முதலில் கேட்டாள். "புத்தகம் எங்கேப்பா?"

"பிரஸ்ல இருக்கும்மா. கொஞ்சம் சரி பண்ணக் கொடுத்திருக்கேன்."

"எங்கப்பா புத்தகத்தையே சரி பண்ணுவாரு" என்று அவள் அம்மாவிடம் போய்ச் சொன்னாள். பிறகு ஒரு பழைய டப்பாவை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். உள்ளே ஐந்து களிமண் சதுரங்கள், காய்ந்தும் காயாமலும். "ஸ்கேல் வச்சு வெட்டினேன். அஞ்சும் ஒரே அளவு. நாளைக்கு நீங்க படிச்சு முடிச்சதும் டப்பாவைத் தொறந்து காட்டுவேன்."

புரூஃப்காரர் அந்தச் சதுரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பழக்கதோஷத்தில் பிழை தேடினார். ஒன்றில்கூட இல்லை.

வியாழக்கிழமை காலை வகுப்பறையில் அவருக்குக் கொடுத்த நாற்காலி குழந்தைகளுக்கானது. உட்கார்ந்தபோது முழங்கால் முகவாயில் இடித்தது. எதிரே தரையில் இருபத்தைந்து பேர். உருண்டைக் கட்சியினர் ஆளுக்கொரு களிமண் உருண்டையைக் கையில் வைத்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் மகள், மடியில் டப்பா.

முதல் வரிசையில், அவர் காலடியில், எல்லோரையும்விடக் குட்டியாக ஒரு பெண் உட்கார்ந்து அவருடைய பையில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பட்டாணி, கையை எடு" என்றார் மிஸ். பிறகு இவரிடம் திரும்பி, "தப்பா நினைக்காதீங்க சார். எது ஒட்டியிருந்தாலும் உரிச்சுப் பாக்காம இருக்க மாட்டா. என் நாற்காலி நம்பரையே உரிச்சுட்டா" என்றார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "வாசிக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. சந்தேகம் இருந்தா கையைத் தூக்கணும். சார் கூப்பிட்டாத்தான் பேசணும்" என்றார்.

அந்த விதி அவருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதும், எவ்வளவு பெரிய சித்திரவதை என்பதும் ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது.

முதல் மூன்று பக்கமும் நன்றாகவே போயின. பின்பக்கம் திறக்கும் பையைக் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பின்புறத்தால் வாசலை அடைக்கும் இடத்தில் ஒருவன் எழுந்து அடைத்தே காட்டினான். புரூஃப்காரர் இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, எல்லோருக்கும் தெரியும்படி புத்தகத்தை உயர்த்தினார்.

மகளின் கை சட்டென்று மேலே போனது.

அவர் பார்க்காததுபோல் இருந்தார். "இங்க ஒரு திருத்தம் ஒட்டியிருக்காங்க" என்றார். "நான் முன்னாடி இதைக் கவனிக்கலை."

கை இன்னும் உயர்ந்தது. அவள் முழங்காலிட்டு எழுந்து, அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சீட்டை வாசித்தார். பகடைக்காய் என்பது தவறு. உருண்டை என்று திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.

உருண்டைக் கட்சி ஓவென்று கத்தியது. களிமண் உருண்டைகள் காற்றில் பறந்தன. "கையெழுத்து, கையெழுத்து" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அமைதி" என்றார் மிஸ். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம். "பாத்தீங்களா? கதைப் புத்தகத்துக்கும் உண்மைப் புத்தகத்துக்கும் இதுதான் வித்தியாசம். தப்புன்னு தெரிஞ்சா இவங்க ஒத்துக்கிட்டுத் திருத்திடுவாங்க. அப்படி இருக்கிறதாலதான் நாம இதை நம்பறோம். சார், ரொம்ப நல்ல பாடம் இது. எல்லாரும் அந்தச் சீட்டைக் கிட்டப் பாருங்க." புத்தகத்தை வாங்கி முதல் வரிசையில் கொடுத்தார்.

"சார், உங்க பொண்ணு கை தூக்கியிருக்கா" என்றும் சொன்னார்.

"மத்தவங்க கேக்கட்டும் மிஸ். அவ வீட்டுல கேப்பா."

வேறு யாரோ வாம்பாட் கடிக்குமா என்று கேட்டார்கள். அவர் என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது. கண் மூன்றாவது வரிசையை விட்டு நகரவில்லை. தூக்கிய கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அது டப்பாவைத் திறந்தது. ஸ்கேல் வைத்து வெட்டிய ஒரு சதுரத்தை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டியது. அது உருண்டையானதும் டப்பாவில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மூன்றாவது சதுரத்தை அவள் எடுத்தபோது புரூஃப்காரர் அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து எழுந்தார். நாற்காலியும் அவரோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. அதைப் பிடுங்கிக் கீழே வைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

"மிஸ், நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க சார்."

"அந்தச் சீட்டு பொய்."

வகுப்பு அடங்கியது. தரையில் எங்கேயோ சுர் சுர் என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அதை நான்தான் அச்சடிச்சேன். நேத்து, எங்க பிரஸ்ல. புத்தகத்துல தப்பே கிடையாது. சாணத்தைப் பத்தி அதுல ஒரு வரிகூட இல்லை. சதுரம்னு நான்தான் தூக்கக் கலக்கத்துல உளறிட்டேன். எம்பொண்ணு அதை நம்பி இங்க வந்து சொல்லிட்டா. அவ பொய் சொல்லலை. எனக்காகப் படம் இருந்துச்சுன்னுகூடச் சொன்னா, அதுக்கும் நான்தான் காரணம்." அவர் மகள் பக்கம் திரும்பினார். "அந்த மிருகத்தோட சாணம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியாது பாப்பா."

சொல்லி முடித்ததும் உடம்பே லேசானது. அவமானம் இருந்தது. ஆனால் அவருடைய அவமானம் அது, பிள்ளையுடையது இல்லை. இனி அவள் அம்மாவோடுதான் படிப்பாள். படிக்கட்டும். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்க அவருக்குப் பழகிவிடும்.

மகள் எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, ஒரே குழப்பம். கை மறுபடியும் மேலே போயிருந்தது.

"இரும்மா, அப்பா பேசட்டும்" என்றார் மிஸ். "சார், நீங்க... ஒரு நூலகப் புத்தகத்துல..."

"அபராதம் கட்டிடறேன் மிஸ். சீட்டை எடுக்க முடியாது. நல்ல கோந்து."

சுர் சுர் சத்தம் நின்றது. முதல் வரிசையில் பட்டாணி, மடியில் புத்தகத்தோடு, நகத்தில் ஒட்டிய காகிதத் துணுக்கை ஊதிவிட்டு, கை தூக்காமலே பேசினாள்.

"மிஸ், இந்தப் புதர் கதவு மாதிரி தொறக்குது, உள்ள சதுரம் சதுரமா சாணி போட்டு வச்சிருக்கு."